வலசுக்கு ரோடு வர எத்தனை பேர் வேண்டும்?

திருப்பூர் மாவட்டத்து மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பஸ்ஸில் போனால் பல ஸ்டாப்புகளின் பெயர் 'பிரிவு' என்றுதான் முடியும். பஸ் பிரிவில் இறக்கிவிடும், ஊர் அங்கே இருக்காது. கிளுவை வேலிக்கு நடுவில் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு இடையிலான வண்டித்தடத்தில், இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால்தான் வலசு எனும் சிற்றூர். மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். பால் கேன் கட்டிய டிவிஎஸ் வண்டியை இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

இந்தத் தூரத்துக்குத் தார் ரோடு கேட்க ஒரு வழி இருக்கிறது. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் அது. அதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது, 2028-29 வரை நடக்கும். சமவெளியில் 500 பேருக்கு மேல் இருந்தும் ரோடு எட்டாத குடியிருப்புகளுக்குத்தான் இது.

நம் பக்கத்து ஆட்கள் அந்த 500-ஐப் பார்த்தே 'நமக்கு ஆகாது' என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே எல்லோரும் ஒரே தெருவில் குடியிருப்பதில்லை. நத்தத்தில் நாற்பது வீடு இருந்தால் மீதிப் பேர் அவரவர் தோட்டத்துச் சாளையில் இருப்பார்கள். ஆனால் விதி கேட்பது ஒரு தெருவின் கணக்கையோ முழு ஊராட்சியின் கணக்கையோ அல்ல, குடியிருப்பின் கணக்கை. 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பக்கத்துக் குடியிருப்புகளையும் அதோடு சேர்த்து எண்ணலாம். பக்கத்து வலசும் புதூரும் அதற்குள் வந்தால் தனித்தனியாக மனுக் கொடுத்துத் தோற்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

எண்ணிக்கைக்கு எடுப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கை. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் அதில் இல்லை. ஆனால் அன்றைக்கு ஊரில் இருந்து பிறகு பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் குடிபோனவர்கள் அதில் இருக்கிறார்கள். இன்றைக்குப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து நீங்களாகவே எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் நிலம். இத்திட்டத்தில் நிலத்துக்குப் பணம் கிடையாது. தார் போடும் அகலமே 3.75 மீட்டர், வண்டி குறைவாக ஓடும் இடத்தில் 3 மீட்டர். ஓரத்து மண்ணுக்கும் சேர்த்து இடம் வேண்டும். மாட்டுவண்டிக்கு விட்ட இட்டேரி அதற்குப் போதாது, இரண்டு பக்கத் தோட்டக்காரர்களும் வேலியைத் தள்ளிப் போட வேண்டும். பங்காளிச் சண்டை இருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். ரோடு நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கோவை மேற்கு மலையோரத்தில் இருளர் குடியிருப்புகளுக்குக் கணக்கே வேறு. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கான பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் 100 பேர் இருந்தாலே ரோடு கேட்கலாம்.

ரோடு இருந்தும் பஸ் இல்லாத ஊர்களுக்கு மாநில அரசின் புதிய மினி பஸ் திட்டம், 2025 ஜூனில் தொடங்கியது. தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 65 சதவீதம் வேறு பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். இவை தனியார் பஸ்கள், அதனால் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இதில் செல்லாது. அந்தச் சலுகை அரசின் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். பிரிவு வரை மினி பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, அங்கிருந்து டவுன் பஸ் ஏறும் அம்மாக்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் தொடக்கம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும். வாயால் சொல்லிவிட்டு வராமல், எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை குடும்பம் என்று தீர்மானமாக எழுத வையுங்கள். ரோட்டுக்கான நகலை வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும், மினி பஸ் தடத்துக்கானதை கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.