போடாத சுவிட்ச் தானாக விழுவது ஏன்?

போயிங் 737 விமானத்தில் விமானிகளின் தலைக்கு மேலே ஒரு பெரிய பலகை இருக்கும். எரிபொருள் பம்பு, ஜெனரேட்டர், பனி நீக்கி, விளக்குகள் என ஏகப்பட்ட சுவிட்சுகள் அதில்தான். அதே பலகையை அக்ரிலிக்கிலோ மரத்திலோ வெட்டி, கடையில் கிடைக்கும் டாகிள் சுவிட்சுகளை மாட்டி, வீட்டுக் கணினியில் ஓடும் சிமுலேட்டரோடு, அதாவது விமானம் ஓட்டுவதைப் போலவே காட்டும் நிரலோடு இணைத்துப் 'பறக்கிற' ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பலகை வெட்டுவது கைவேலை. பலகைக்குப் பின்னால் இருக்கும் மின்னணுவியல்தான் என்னை இழுத்துப் பிடித்தது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாமே நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணு போர்டான ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ போதும். அதிலிருக்கும் ஏடிமெகா32யூ4 சிப் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு நேரடியாகப் பேசும். நிறையப் பொத்தான்கள் உள்ள ஜாய்ஸ்டிக் ஒன்று வந்திருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். சிப்பில் கம்பியை இணைக்கும் கால்களுக்குப் 'பின்' என்று பெயர். ஒவ்வொரு பின்னையும் உள்ளேயே ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டில் நிறுத்தி வைக்கலாம். சுவிட்சைப் போட்டால் அந்தப் பின் தரையோடு, அதாவது 0 வோல்ட்டோடு சேரும். ஆக, போட்டால் 0, அணைத்தால் 1. தலைகீழாகத் தோன்றினாலும் வழக்கம் இதுதான்.

சரி, புரோ மைக்ரோவில் நமக்குக் கிடைப்பது 18 பின்கள். சுவிட்சுக்கு ஒரு பின் என்று கொடுத்தால் பலகையின் ஓரம்கூட நிரம்பாது. அதனால் தறியில் பாவும் ஊடையும் போல 8 கம்பிகளை நெடுக்காகவும் 8 கம்பிகளைக் குறுக்காகவும் ஓட்டுகிறோம். அவை சந்திக்கும் 64 இடங்களிலும் ஒவ்வொரு சுவிட்ச். 16 பின்களில் வேலை முடிந்தது. சிப் ஒரு நெடுக்குக் கம்பியை மட்டும் 0 வோல்ட்டுக்கு இறக்கி, எந்தெந்தக் குறுக்குக் கம்பி கூடவே இறங்குகிறது என்று பார்க்கும். பிறகு அடுத்த நெடுக்குக் கம்பி. எட்டையும் சுற்றி வரச் சில மில்லி விநாடிகளே போதும்.

கணினி விசைப்பலகையும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் விசையை அழுத்திய விரல் உடனே எடுபட்டுவிடும். விமானப் பலகையில் போட்ட சுவிட்ச் மணிக்கணக்கில் போட்டபடியே இருக்கும். சிக்கலே இங்கேதான் பிறக்கிறது.

ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இடதில் இடப்பக்க எரிபொருள் பம்பு, மேலே வலதில் வலப்பக்கப் பம்பு, கீழே வலதில் தரையிறங்கும் விளக்கு. மூன்றும் போட்டிருக்கின்றன. கீழே இடதில் இறக்கையின் பனி நீக்கி, அது அணைந்திருக்கிறது. இப்போது சிப் இடது நெடுக்குக் கம்பியை 0-வுக்கு இறக்குகிறது. கீழ்க் குறுக்குக் கம்பியின் மின்னோட்டத்துக்கு நேர்வழி இல்லை. ஆனால் விளக்குச் சுவிட்ச் வழியாக வலது கம்பிக்கு ஏறி, வலப்பம்பு வழியாக மேல் கம்பிக்கு வந்து, இடப்பம்பு வழியாக இறங்கிவிட முடியும். கீழ்க் கம்பியும் 0 ஆகிறது. யாரும் தொடாத பனி நீக்கி போடப்பட்டதாகச் சிப் நம்புகிறது. சிமுலேட்டரில் பனி நீக்கி ஓடத் தொடங்குகிறது!

நிரலை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. கம்பியில் நான்கு சுவிட்சும் போட்ட நிலைக்கும் மூன்று போட்ட நிலைக்கும் வேறுபாடே இல்லை. மருந்து ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு. 1என்4148 என்ற சின்னக் கண்ணாடி டையோடு மிக மலிவு. மின்சாரம் குறுக்குக் கம்பியிலிருந்து நெடுக்குக் கம்பிக்கு மட்டும் போகும், திரும்பி வராது. மேலே சொன்ன சுற்றுவழியில் வலப்பம்பைத் தாண்டும் இடம் எதிர்த்திசை என்பதால் வழி அங்கேயே அடைபடுகிறது. கறுப்புக் கோடு போட்ட முனை நெடுக்குக் கம்பியின் பக்கம் இருக்க வேண்டும். 64-ஐயும் பற்றவைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் கோட்டையும் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. ஒன்று திரும்பியிருந்தால் அந்தச் சுவிட்ச் வேலையே செய்யாது.

அப்புறம் துள்ளல். சுவிட்சின் உலோகத் தகடுகள் மோதும்போது சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் படிகின்றன. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு 5 மில்லி விநாடி என்பது 80,000 துடிப்புகள். ஒரே தட்டலைப் பல தட்டலாக அது எண்ணிவிடும். நிலை மாறியதும் சற்றுப் பொறுத்து, மாறாமல் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள் என்று நிரலில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

சிமுலேட்டருக்கு எந்தக் கட்டளையை அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். 'நிலையை மாற்று' என்று அனுப்பினால், தொடக்கத்தில் பலகையும் திரையும் ஒருமுறை முரண்பட்டாலே போதும், கடைசிவரை தலைகீழாகவே ஓடும். 'போடு', 'அணை' என்று தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

சில ஆர்வலர்கள் கணினியிலிருந்து பலகைக்கும் செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள். 737-800இல் எஞ்சினைக் கிளப்பும் குமிழைத் திருப்பினால் ஒரு மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் உள்சுழலி சுமார் 56 சதவீத வேகத்தைத் தொட்டதும் விட்டுவிடும். வீட்டிலும் குமிழுக்குப் பின்னால் ஒரு மின்காந்தத்தை வைத்து, சிப்பின் பின்னுக்கு அதன் மின்னோட்டத்தைத் தாங்கும் வலு இல்லை என்பதால், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஒரு டிரான்சிஸ்டரை இடையில் போட்டு இதைச் செய்யலாம். திரையில் எண் 56-ஐத் தொடும். தொடாத குமிழ் 'டக்' என்று தன் இடத்துக்குத் திரும்பும். இந்த முறை அது சரியாகவே திரும்புகிறது.