பந்து பெருசா, பொந்து சிறுசா?

தண்டையார்பேட்டையில் என் சித்தப்பா ஒரு கேரம் கடை வைத்திருக்கிறார். நான்கு போர்டு, தலைக்கு மேலே நான்கு பல்பு, மணிக்கணக்கில் வாடகை. எங்கோ மூடிய கிளப் ஒன்றிலிருந்து 9 அடி ஸ்நூக்கர் மேசை மலிவாகக் கிடைக்க, வாங்கிப் போட்டுவிட்டார். ஏரியா பையன்கள் கேட்டதோ பூல். இரண்டுமே குச்சியால் பந்தைத் தட்டி மேசை ஓரத்துப் பாக்கெட்டில் தள்ளும் ஆட்டம்தான். ஸ்நூக்கரில் 22 பந்து, விதிகளைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும். பூல் என்றால் கோடு போட்ட பந்து உனக்கு, முழு நிறப் பந்து எனக்கு, பத்து நிமிடத்தில் அடுத்த ஜோடி காசு வைக்கும். மேசைதான் இருக்கிறதே, பூல் பந்து ஒரு செட் வாங்கினால் முடிந்தது என்பது சித்தப்பாவின் கணக்கு.

வாங்கினார். முதலில் அடித்த பந்து மூலை பாக்கெட்டின் வாயில் இடம் வலமாக இரண்டு முறை மோதி, தொண்டையில் முள் சிக்கிய மாதிரி அங்கேயே நின்றது. "இன்னாண்ணே, பந்து பெருசா, பொந்து சிறுசா?" என்று ஒரு பையன் கேட்டான். இரண்டுமே உண்மை. ஆனால் சிக்கல் அதோடு முடியவில்லை.

ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., பூல் பந்தின் விட்டம் 57.15. கையில் வைத்துப் பார்த்தால் 4.65 மி.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எடையில் தெரியும். எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுவதால், ஒரே பொருளில் செய்த பந்து என்றால் பூல் பந்து கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடுதல் கனம்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். உலகப் போட்டி விதிப்படி பூல் மேசையின் மூலை பாக்கெட் வாய் நாலரை அங்குலத்திலிருந்து தொடங்கும். அதாவது 114.3 மி.மீ., சரியாக இரண்டு பந்துகளின் அகலம். ஸ்நூக்கரில் சுமார் மூன்றரை அங்குலம்தான். எங்கள் மேசையில் அளந்தபோது 83 மி.மீ. வந்தது. பூல் பந்தோடு வகுத்தால் 1.45 மடங்கு. ஒரு கேரம் காரர் உடனே வாதம் பண்ணினார்: கேரம் குழி 4.45 செ.மீ., காய் 3.18 செ.மீ., அது 1.4 மடங்குதானே, நாங்கள் போடவில்லையா? நியாயமான கேள்விதான். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றது இதே அளவுக் குழியில் காய் போட்டுத்தான்.

ஆனால் கேரம் குழி வெறும் ஓட்டை. காயின் நடுப்புள்ளி குழியின் விளிம்பைத் தாண்டினாலே காய் சாய்ந்து விழும், முழுக் காயும் உள்ளே போக வேண்டியதில்லை. ஸ்நூக்கர் மேசையில் ஓட்டைக்கு முன்னால் இரண்டு ரப்பர் தாடைகள் நிற்கின்றன. முழுப் பந்தும் அவற்றுக்கு நடுவே நுழைந்து போனால்தான் விளிம்பையே பார்க்கும். அந்தத் தாடைகள் உள்நோக்கி வளைந்தவை. வளைவில் உரசிய பந்து எதிர்த் தாடைக்குத் தாவும், அங்கிருந்து வெளியே வரும். பூல் மேசையில் தாடை நேராகச் சீவப்பட்டிருக்கும். உரசிய பந்தையும் பல நேரம் உள்பக்கமே தள்ளிவிடும். ஆகவே வாயை அகலப்படுத்தினால் மட்டும் பூல் பாக்கெட் ஆகாது, தாடையின் வெட்டும் மாற வேண்டும். ரப்பர் பட்டையைக் கழற்றி, மரத்தைச் சாய்வாக அறுத்து, நுனியில் புது ரப்பர் ஒட்ட வேண்டும். ஆசாரி வேலை, அதிலும் பொறுமையான ஆசாரி.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது குஷன், அதாவது மேசையின் ஓரத்தில் பந்து மோதித் திரும்பும் ரப்பர் பட்டை. கேரம் காய் சறுக்கும், பந்து உருளும். சறுக்குகிற காய்க்குச் சட்டத்தின் எந்த உயரத்தில் மோதுகிறோம் என்பது பெரிய விஷயமில்லை. உருண்டு வரும் பந்து குஷனில் மோதித் திரும்பும்போது, அதன் உருளலும் எதிர்த்திசைக்கு மாறியாக வேண்டும். மாறாவிட்டால் பந்து பின்னால் வந்துகொண்டே முன்னால் சுழலும், துணியில் தேய்த்துக்கொண்டு வேகத்தை இழக்கும். உருளலைத் திருப்பும் வேலையைச் செய்வது குஷனின் மூக்கு, அதாவது பந்தைத் தொடும் ரப்பர் முனை. அது பந்தின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே தட்ட வேண்டும். பழைய டயரைக் குச்சியால் ஓட்டிய பிள்ளைகளுக்கு இது தெரியும்: டயரின் மேல்பக்கம் தட்டினால்தான் அது உருளும்.

எவ்வளவு மேலே? வங்கக் கடல் புயலைச் சுழல வைக்கும் விசைக்குப் பெயர் தந்த கோரியோலிஸ், 1835இல் பில்லியர்ட்ஸ் பந்தின் கணக்கையும் ஒரு புத்தகமாக எழுதினார். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விட்டத்தில் 70 சதவீத உயரம் வரும். நிஜ மேசையில் அவ்வளவு உயரம் வைத்தால் மூக்கு பந்தைக் கீழ்நோக்கி அமுக்கும், துணி தேயும், வேகம் போகும். அதனால் பூல் விதி 62.5 முதல் 64.5 சதவீதத்துக்குள் நிற்கிறது. 57.15 மி.மீ. பந்துக்கு நடு மதிப்பு சுமார் 36.3 மி.மீ. அதே விகிதத்தில் ஸ்நூக்கர் பந்துக்கு 33.3. இப்போது பூல் பந்தை 33.3 மி.மீ. உயர மூக்கில் மோதவிடுங்கள். பந்தின் நடுவுக்கு மேலே 7.7 மி.மீ. தள்ளி விழ வேண்டிய தட்டு, 4.7 மி.மீ. மேலே விழுகிறது. உருளல் முழுதாகத் திரும்பாது. கீழ்நோக்கிய பிடி குறைவதால் வேகமாக அடித்த பந்து துள்ளவும் செய்யும். 3 மி.மீ.தான். மரச்சட்டத்தின் அடியில் அந்தத் தடிமனுக்குப் பட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் ஆறு சட்டத்திலும் ஒரே அளவாக வைக்க வேண்டும். பழைய ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் இந்த உழைப்பே வீண், முதலில் ரப்பரை மாற்றுங்கள்.

மேசைத் துணிக்கு அடியில் இருக்கும் கல் நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டு வகைதான். இந்தக் கல் தகடு தகடாகப் பிளக்கும், தேய்த்தால் சமதளம் ஆகும், ஈரம் பட்டு வளையாது. ஐப்பசி மழையில் வயிறு உப்பும் பிளைவுட்டோடு வாழ்ந்த கேரம் கடைக்காரருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. அதற்குக் கொடுக்கும் விலை எடை. எங்கள் மேசையில் மூன்று பலகைகள், 25 மி.மீ. தடிமன், 1.4 மீட்டருக்கு 0.9 மீட்டர் என்று வைத்தால் ஒரு பலகையே 85 கிலோவுக்கு மேல். 12 அடி முழு மேசை என்றால் மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரச்சட்டத்தில் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடியில் ஸ்நூக்கர் மேசை ஏற்ற நினைப்பவர் முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிடட்டும்.

பாக்கெட்டை அகலமாக்க, பல மேசைகளில் கல்லின் அரைவட்ட வெட்டையும் பெரிதாக்க வேண்டிவரும். கிரைண்டரில் உலர்வாக அறுக்காதீர்கள். சிலேட்டுத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. தண்ணீர் விட்டு, முகமூடி போட்டு, வெளியே வைத்து அறுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது கொத்தனாரின் ரசமட்டத்தை நீளம், அகலம், மூலைவிட்டம் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கலாம். இணைப்புகளைத் தேன்மெழுகால் அடைத்துச் சுரண்டினால் பந்து தடுக்காது.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்நூக்கர் துணிக்கு ஒரு திசையில் படுத்த மயிர் உண்டு, மெதுவாகப் போகும் பந்து அந்தப் பக்கம் லேசாக ஒதுங்கும். பூல் துணி வழுவழுப்பானது, வேகமானது. காசிமேட்டுக் காற்றின் ஈரத்தில் இரண்டுமே மந்தமாகும். பெரிய ஸ்நூக்கர் போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றி வைப்பது துணியை உலர்வாக வைக்கத்தான்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது வேலை மேசையின் விலையைத் தொட்டது. அப்போதுதான் நான் சித்தப்பாவிடம் கேட்டேன்: மேசையைப் பந்துக்கு ஏற்றபடி மாற்றுவதற்குப் பதில், பந்தை மேசைக்கு ஏற்றபடி மாற்றினால் என்ன? ஸ்நூக்கரே அப்படித்தான் பிறந்தது. ஊட்டி கிளப்பில் 1882 வாக்கில் விதிகள் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்கு யாரும் புது மேசை செய்யவில்லை. பில்லியர்ட்ஸ் மேசையில், அதே அளவுப் பந்தை நிறம் கூட்டி ஆடினார்கள். சீனாவில் எதிர்த்திசையில் போனார்கள். வளைந்த தாடை பாக்கெட்டை வைத்துக்கொண்டு, 57 மி.மீ. பந்துக்கென்றே மேசையைக் கட்டினார்கள். ஹேபால் என்ற அந்த ஆட்டத்துக்கு இப்போது சர்வதேசப் போட்டிகளே நடக்கின்றன. பாக்கெட் அதில் இரக்கமே காட்டாது.

52.5 மி.மீ. அளவிலேயே எண் போட்ட, கோடு போட்ட பூல் செட் விற்கிறார்கள். அதை வரவழைத்தோம். குஷன் உயரத்தைத் தொடவில்லை, கல்லை அறுக்கவில்லை. துணி மட்டும் புதிது. பாக்கெட் விகிதம் 1.58 ஆனது. பாக்கெட் டைட் என்று வெளி ஏரியாவிலிருந்து வருபவர்கள் முனகுவார்கள். கேரம் பையன்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பெரிய பந்து செட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து பந்தும் பரணில் எண்ணெய் டின்னுக்குள் கிடக்கின்றன. வெள்ளைப் பந்து மட்டும் கல்லாவில், வாடகை நோட்டு காற்றில் புரளாமல் இருக்க.