கடலோர வீட்டுக் காப்பீடு: கேட்கும் பிரீமியம் நியாயமா?

"மதுரையில் மச்சான் வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வாங்குகிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வீட்டுக் காப்பீடு என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். கடல் பக்கம் இருப்பதால் கூட்டிவிட்டார்கள் என்று பதிலையும் கேட்டவரே சொல்லிவிடுவார். கடலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் இரண்டு கொட்டேஷன்களையும் எடுத்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையே, அதாவது வீட்டுக்கு எழுதியிருக்கும் உச்ச மதிப்பே, வேறு வேறாக இருக்கும். இருபது லட்சத்துக்கான பிரீமியத்தையும் முப்பது லட்சத்துக்கான பிரீமியத்தையும் ஒப்பிட்டு என்ன பயன்?

முதலில் ஜிஎஸ்டியைக் கழித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான் ஜிஎஸ்டி நீங்கியது; வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. மீதித் தொகையைக் காப்பீட்டுத் தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு என்று ரூபாயில் வரும். கணக்குக்காக, 20 லட்சத்துக்கு 1,180 ரூபாய் என்று ஒரு கொட்டேஷன் வந்ததாக வைத்துக்கொள்வோம். வரி போக 1,000. அதாவது ஆயிரத்துக்கு 50 பைசா. 30 லட்சத்துக்கு 1,416 என்று இன்னொன்று. வரி போக 1,200. ஆயிரத்துக்கு 40 பைசா. பில்லில் பெரிதாகத் தெரிவதுதான் இங்கே மலிவு. ஒப்பிட வேண்டியது இந்தப் பைசா விகிதத்தை.

அடுத்து, இரண்டும் ஒரே பாலிசிதானா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அதன் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது வரை அதற்குள் அடக்கம். வாசகம் ஒன்று, விலை வேறு என்பதால் ஒப்பிடுவது சுலபம். வேறு பெயரில் ஒரு பாலிசி மலிவாக வந்தால், புயலும் வெள்ளமும் உள்ளே இருக்கிறதா, சேதத்தில் முதல் பகுதியாக எவ்வளவு நம் தலையில் விழும் என்று பாலிசியின் அட்டவணைப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கரையில் புயலும் வெள்ளமும் இல்லாத பாலிசி எவ்வளவு மலிவாக இருந்தாலும் தண்டம்.

இனி காப்பீட்டுத் தொகை. பிரீமியம் கூடுவதும் இழப்பீடு குறைவதும் அதிகமாக நடக்கிற இடம் இதுதான்.

காப்பீடு கட்டடத்துக்கு, மனைக்கு அல்ல. ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கம் இருக்கும் பழைய வீட்டின் சந்தை விலையில் பெரும்பகுதி மண்ணின் விலை. அந்த விலையைப் படிவத்தில் எழுதினால் இல்லாத சுவருக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவீர்கள். வீடு முழுசாக இடிந்தாலும் திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கில் வரும்.

தலைகீழாக இன்னொரு தவறும் நடக்கிறது. பாலிசி கேட்பது கார்பெட் ஏரியாவை. வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மாடி எல்லாம் போக, வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு அது; உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். நம் ஊர்க் கொத்தனாரோ, என்ஜினியரோ சொல்லும் சதுரடி ரேட் மொத்தக் கட்டுமானப் பரப்புக்கானது. மொத்தம் 1,200 சதுரடி, ரேட் 2,400 என்றால் செலவு 28.80 லட்சம். அதே ரேட்டை 1,000 சதுரடி கார்பெட் ஏரியாவோடு பெருக்கி எழுதினால் 24 லட்சம்தான் வரும், 4.80 லட்சம் விட்டுப்போகும். ஆகவே மொத்தச் செலவை முதலில் போட்டு, அதைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து, 2,880 என்ற ரேட்டை எழுத வேண்டும். காம்பவுண்டு சுவர், கார் ஷெட், தண்ணீர்த் தொட்டி, மாடியில் சோலார் தகடு போன்றவற்றின் செலவைத் தனியாகச் சேர்க்க இடமுண்டு.

ரேட்டையும் இணையத்தில் எடுக்காதீர்கள். ராமேஸ்வரம் தீவுக்குள் ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், கம்பி எல்லாம் பாம்பன் பாலம் ஏறித்தான் வர வேண்டும். லாரி வாடகை ரேட்டில் ஏறிவிடும். தங்கச்சிமடத்தில் வீடு கட்டும் செலவும் பரமக்குடியில் கட்டும் செலவும் ஒன்றல்ல. பக்கத்துத் தெருவில் சமீபத்தில் வீடு கட்டியவரின் எஸ்டிமேட் ஒன்றே போதும்.

கிருஹ ரக்ஷாவில் ஒரு நல்ல விஷயம்: தொகை கொஞ்சம் குறைந்திருந்தாலும் அதைச் சாக்கிட்டு இழப்பீட்டை வெட்ட மாட்டார்கள், காப்பீட்டுத் தொகை வரைக்கும் முழுச் சேதமும் கிடைக்கும். மற்ற பாலிசிகளில் அந்தச் சலுகை இல்லாமல் இருக்கலாம். 30 லட்சம் பெறும் வீட்டை 20 லட்சத்துக்கு எழுதி, 3 லட்சத்துக்குச் சேதம் வந்தால், விகிதப்படி 2 லட்சம்தான் கைக்கு வரும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் கிருஹ ரக்ஷாவில் தானாகவே காப்பீடு உண்டு. நகைக்கு அப்படி இல்லை. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சரி, கடலுக்கு எவ்வளவு கூட்டலாம்? எல்லா நிறுவனங்களுக்கும் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப் பட்டியல் 2007-லேயே போய்விட்டது. இப்போது நிறுவனம் தன் கணக்குப்படி விலை வைக்கிறது. பெரும்பாலும் பின்கோடுதான் அளவுகோல். இதில்தான் நமக்குச் சிக்கல். மாவட்டத்தின் வடகரை பாக் நீரிணை, தென்கரை மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று நம்மவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் கணினி அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மாதிரியானது ஒரு வகை ஆபத்து. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருக்களை மூழ்கடித்ததே, அது இன்னொரு வகை. காற்றே இல்லாமல் தாழ்ந்த வாசல் வழியாக வீட்டுக்குள் ஏறும் தண்ணீர். ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் கண்மாய் நிறைந்து மறுகால் போகும் வழியில் இருக்கும் வீட்டுக்கு அபாயம் கடலிலிருந்து வருவதே இல்லை. நில அதிர்வு இங்கே குறைவு என்பதால் பிரீமியத்தில் அந்தப் பங்கு சிறியதாக இருக்க வேண்டும். புயல், வெள்ளப் பங்கு பெரிதாக இருப்பது நியாயம்தான். ஏஜெண்டிடம் இப்படிக் கேளுங்கள்: "தீ, நிலநடுக்கம், புயல்-வெள்ளம், பயங்கரவாதம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள்." பிரித்துத் தரத் தயங்குகிறவரிடம் அவசரப்பட வேண்டாம்.

தளம் தெருவைவிட மூன்றடி உயரம், கூரை கான்கிரீட், தண்ணீர் நின்றதில்லை என்றால் அதைப் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பிக் குறைத்துக் கேட்கலாம். குறைப்பார்களா என்பது அந்தந்த நிறுவனத்தைப் பொறுத்தது. குறைக்காவிட்டாலும் அந்தப் படங்கள் பின்னால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்போது உதவும்.

மலிவான கொட்டேஷன் பல நேரம் எதையாவது மறைத்ததால் வந்த மலிவு. மாடியில் வெயிலுக்காகப் போட்ட ஓலைக் கொட்டகையைச் சொல்லாமல் விடுவது இங்கே சாதாரணம். ஓலை, மூங்கில், தார்ப்பாய் கூரையெல்லாம் 'கச்சா' கட்டுமானம் என்ற வகையில் வரும். அதற்கு விகிதமே வேறு. படிவத்தில் 'முழுதும் கான்கிரீட்' என்று டிக் போட்டுவிட்டு, ஓலையில் பிடித்த தீ வீட்டுக்குள் இறங்கினால், பேச்சு சேதத்தைவிட்டுப் படிவத்துக்குத் திரும்பிவிடும். யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடுவதும் அப்படியே. அது குடியிருப்பு அல்ல, தொழில். அதற்கான பாலிசி வேறு. வீட்டில் வைத்திருக்கும் வலை, படகு இன்ஜின், ஐஸ் பெட்டியும் தொழில் சாமான்தான், வீட்டுச் சாமான் கணக்கில் வராது. குடும்பமே வெளிநாட்டில் இருந்து பூட்டிக் கிடக்கும் வீடு என்றால், ஆளில்லாத வீட்டுக்கு, குறிப்பாகத் திருட்டுக் காப்பீட்டில், என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு கட்டினாலும் கிடைக்காதவை இரண்டு இந்தக் கரைக்கு முக்கியம். ஒன்று, கடல் அரிப்பு. நிலம் உள்வாங்குவதற்குக் காப்பீடு உண்டு. ஆனால் கடலோ ஆறோ கரையை அரித்து அதனால் நிலம் இறங்கினால் கிடையாது. மணல் அடித்து மேடாக்கிய மனை தானாக அமுங்குவதற்கும் கிடையாது. இரண்டு, உப்பு. உவர்த் தண்ணீரில் கலவை போட்டு, கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் பெயர்ந்து விழுவது மெதுவாக நடக்கும் சிதைவு. புயல் மறுநாள் விழுந்தாலும் கம்பியில் பழைய துருவைப் பார்த்ததும் சர்வேயர் அதை இழப்பீட்டுக் கணக்கிலிருந்து பிரித்துவிடுவார். மழைக்காலத்துக்கு முன் சீலிங்கையும் சன்ஷேடையும் தேதியோடு படமெடுத்து வைப்பது இதற்காகத்தான்.

வங்கிக் கடன் உள்ளவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். கடனோடு சேர்த்து எடுத்தது கட்டடக் காப்பீடா, கடன் வாங்கியவரின் ஆயுள் காப்பீடா? பலரிடம் இரண்டாவதுதான் இருக்கும். வீட்டுக்கு எதுவும் இருக்காது. பல ஆண்டு பிரீமியத்தை மொத்தமாகக் கடனில் ஏற்றியிருந்தால் அதற்கு வட்டியும் ஓடுகிறது. அதையும் சேர்த்தே விகிதம் போடுங்கள். அதேசமயம் கிருஹ ரக்ஷாவை ஓராண்டுக்கு மேல் எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியமின்றி உயரும். ஓராண்டுப் பாலிசியில் அதை நாமேதான் புதுப்பிக்கும்போது உயர்த்த வேண்டும். புதுப்பிக்கும் தேதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் விழுந்தால், மறந்துபோகும் அந்த ஒரு வாரமே புயல் வாரமாக அமையலாம். செப்டம்பருக்கு முன்னால் நகர்த்திக்கொள்வது நல்லது.

பிரீமியம் விஷயத்தில் நிறுவனம் எழுத்துப்பூர்வமாகத் தந்த பதிலில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரையிலான தாவாக்களை எடுத்துக்கொள்வார்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியிருக்க வேண்டும். கொட்டேஷன், படிவத்தின் நகல், விகிதக் கணக்கு மூன்றையும் அந்தக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.