ஒரே ஒரு டிக்கெட், மொத்தக் கணக்கும் மாறிடுது

கம்பெனிகளுக்கும் தனி ஆளுங்களுக்கும் கார்பன் கணக்கு, அதாவது வருஷத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிய விடுறாங்கங்கிற கணக்கு, போட்டுக் கொடுக்கிறதுதான் என் வேலை. காரை வித்தவங்க, மாடியில சோலார் போட்டவங்க, கறி சாப்பிடுறதையே விட்டவங்கன்னு ரொம்ப அக்கறையான ஆளுங்கதான் வருவாங்க, ஷீட்ல விமானப் பயணம்ங்கிற வரியை நிரப்பினதும் அத்தனை வருஷ உழைப்பையும் அந்த ஒரு வரி முழுங்கிடும், அப்போ அவங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும்.

1 கிலோ விமான எரிபொருள் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது, காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்துக்கிறதால எடை கூடிடுது. லண்டன்ல இருந்து நியூயார்க் போய்ட்டு வர எகானமில ஒரு ஆளுக்கு சுமார் 1 டன். பிசினஸ் கிளாஸ்னா சீட் அடைக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி கிட்டத்தட்ட 3 மடங்கு. பின்னாடி வெள்ளையா ஒரு கோடு விடுதே, அந்த ஐஸ் மேகமும் ராத்திரில பூமியோட சூட்டை வெளிய போகவிடாம பிடிச்சு வைக்குது, அது இந்தக் கணக்குல வரவே வராது.

உலக கார்பன்ல விமானம் வெறும் 2.5 சதவீதம்தானேன்னு கேப்பாங்க. 2018-ல உலகத்துல 11 சதவீதம் பேர்தான் விமானமே ஏறினாங்கன்னு ஒரு ஆய்வு சொல்லுது, உலக ஜனத்துல அடிக்கடி பறக்கிற 1 சதவீதம் பேரே பயணிகள் விமானம் விடுற புகைல பாதிக்குக் காரணமாம். பங்கு சின்னதா தெரியுறது பெரும்பாலானவங்க பறக்காததாலதான்.

ஒரு அம்மா, "அப்போ எங்கம்மாவைப் பாக்கப் போகக்கூடாதா சார்?"னு கண்ணு கலங்கிட்டாங்க. கண்டிப்பா போங்கன்னு சொல்லிட்டு மத்த டிக்கெட்டை எல்லாம் எடுத்துப் பார்த்தோம், அந்த வருஷம் ஒரு நாள் மீட்டிங்குக்குன்னே 4 தடவை பறந்திருக்காங்க. ஆபீஸ்ல பேசி அதுல மூணை வீடியோ காலா மாத்திக்கிட்டாங்க. அம்மாகிட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவை பத்து பத்து நாள் போனவங்க, இப்போ ஒரே தடவை போய் ஒன்றரை மாசம் இருந்துட்டு வர்றாங்க, மேல ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் குடிக்கும்ங்கிறதால இறங்கி ஏறாம நேரா போற விமானமா பார்த்து.

மரம் நட்டு கழிச்சுக்கலாமான்னும் கேட்டாங்க. நடுங்க, ஆனா நான் கழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், புகை இன்னைக்கே மேல போயிடுது, மரம் அதை இழுக்க பல பத்து வருஷம் ஆகும், நடுவுல வெட்டாம எரியாம இருக்கணும்.

அந்த வரி இன்னமும் அவங்க ஷீட்ல பெருசாத்தான் நிக்குது. நானும் குறைச்சு எழுதலை, அவங்களும் குறைக்கச் சொல்லலை.