காலிக் கோட்டைக்கு ஒரு நாள்: வெயிலையும் கடலையும் பார்த்து நேரத்தைப் பிரியுங்கள்

இலங்கையின் தென் கரையில் இருக்கும் காலிக்குப் போக வேண்டும் என்று வருபவர்களிடம் சுற்றுலா வழிகாட்டியாக நான் முதலில் கேட்பது, கொழும்பிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்பதுதான். பெரும்பாலான குடும்பங்கள் நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல்தான் வண்டி ஏறுகின்றன. கோட்டைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அந்த வெயிலில் மதில் மேல் நடக்கிறார்கள். களைத்துப்போய் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். அப்படியே பக்கத்து ஊரான உனவட்டுனவின் கடலில் போய் இறங்குகிறார்கள். தென் கரையில் நான் பார்த்த மயக்கம், அடி, கடலில் இழுபட்டுப் போகும் ஆபத்து எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இந்த வரிசைதான் இருந்தது. இதைத் தலைகீழாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதிவேக நெடுஞ்சாலையில் வந்தால் கொழும்பிலிருந்து காலிக்கு இரண்டு மணி நேரம் போதும். ரயில் கொஞ்சம் தாமதம், ஆனால் கடலை ஒட்டியே ஓடும். போகும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால் வழியெல்லாம் கடல் பார்க்கலாம். படம் எடுக்கிறேன் என்று வாசலில் வெளியே சாய்ந்து தொங்க வேண்டாம். சிக்னல் கம்பமும் பாலத்தின் சட்டமும் தண்டவாளத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பது உள்ளே இருந்து பார்க்கும்போது தெரியாது. எதில் வந்தாலும், விடிகாலையில் கிளம்பி எட்டரைக்குள் கோட்டை வாசலில் நிற்பது நல்லது.

போர்த்துக்கேயர் 1588இல் இங்கே அரண் கட்டினார்கள். 1640இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கருங்கல்லும் பவளப் பாறையும் வைத்து இன்று நாம் பார்க்கும் மதிலை எழுப்பினார்கள். நிலப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரிய கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து வெளியே நீளும் காவல் மேடைகள். பழைய வாசலின் உட்புறம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் சேவலும் 1669 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும். 1988இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், அவர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. ஆகவே தெருவில் திறந்திருக்கும் வாசலுக்குள் கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே உள்ள பள்ளிவாசலுக்குள் போவதானால் தோளும் காலும் மூடிய உடை வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே மதில்தான். அதன் பெரும்பகுதிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மேலே பச்சைப் புல், அகலமான நடைபாதை. பார்க்கப் பூங்கா மாதிரி இருக்கும், மனசும் பூங்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஆனால் விளிம்புக்கு ஓரடி தாண்டினால் கீழே நேராகப் பாறையும் அலையும். ஒருமுறை என் குழுவில் வந்த ஒரு அப்பா, மனைவியும் இரு பிள்ளைகளும் பின்னால் கலங்கரை விளக்கமும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்று கைப்பேசியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். கண் திரையில், கால் விளிம்பை நோக்கி. சட்டைக் காலரைப் பிடித்துத்தான் நிறுத்த முடிந்தது. திரும்பிப் பார்த்த பிறகு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என் குழுவுக்கு ஒரே விதி: நின்ற இடத்தில் நின்றுதான் படம். படத்தில் ஆள் அடங்காவிட்டால் எதிரே நிற்பவர்கள் நகரட்டும், எடுப்பவர் நகரக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கை பெரியவர் கையில் இருக்கட்டும், கடல் பக்கம் பெரியவர் நடக்கட்டும். மழை பெய்த பின் அந்தக் கல்லில் ரப்பர்ச் செருப்போடு ஏறாதீர்கள், வழுக்கும்.

தென்முனையில் கொடிப்பாறைக் கொத்தளம் இருக்கிறது. அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்குப் பாறை ஆபத்தைக் கொடி காட்டி எச்சரித்த இடம். இப்போது அங்கே காசுக்காகக் கடலில் குதித்துக் காட்டும் இளைஞர்கள் நிற்பார்கள். எந்த அலையில், எந்த இடைவெளியில் குதிக்க வேண்டும் என்று பழகியவர்கள் அவர்கள். பார்த்துவிட்டு நம் வீட்டுப் பையன் நானும் குதிக்கிறேன் என்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் தடுங்கள். காசு கொடுத்து அவர்களைக் குதிக்க வைப்பதும் எனக்குப் பிடிக்காது, கீழே இருப்பது பாறை.

பதினொரு மணிக்கு மேல் மதிலை விட்டு இறங்கிவிடுங்கள். அங்கே நிழலே இல்லை. வயதானவர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், காலையில் சாப்பிட்டது போதாதவர்கள்தான் முதலில் தள்ளாடுவார்கள். ஒரு செவ்விளநீர் குடித்துவிட்டு, 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்துக்குள்ளோ கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குள்ளோ போய்விடலாம். தமிழர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: சீனக் கடலோடி செங் ஹெ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இந்தக் காலி நகரில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகத்தோடு மூன்றாவது மொழி தமிழ். கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் கடல். உனவட்டுன காலியிலிருந்து ஓட்டோவில் போகும் தூரம்தான். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ருமஸ்ஸலக் குன்றை, அனுமன் தூக்கிவந்த மூலிகை மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் அடிக்கும். இணையத்தில் பார்த்த நீலக் குளம் போன்ற படம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் எடுத்தது. ஜூலையில் வந்தால் கடல் வேறு. இதே தென் கரையில் உள்ள மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கவும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஏற்ற காலம். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.

கொடி இல்லாத கரையில், இறங்கும் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரு பக்கமும் அலை நுரைத்து உடையும்; நடுவில் ஒரு இடம் மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை இறக்க அதுதான் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று நீச்சல் தெரியாத சொந்தக்காரர் உடனே குதிப்பதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது. கயிறு, மிதக்கும் கேன், கட்டிய துப்பட்டா, எதையாவது வீசுங்கள். சேலையோடும் ஜீன்ஸோடும் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம், நனைந்த துணியின் கனமே ஆளை இழுத்துவிடும்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்ப மதிலுக்கு வரலாம். ஆண்டு முழுதும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும், அதன்பின் சட்டென்று இருட்டும். வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்குங்கள். அடி பட்டாலோ மயங்கி விழுந்தாலோ 1990க்கு அழையுங்கள். நாட்டின் இலவச ஆம்புலன்ஸ் சேவை அது, வெளிநாட்டவரும் அழைக்கலாம். கோட்டையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்ல, அருகில் இருக்கும் கொத்தளத்தின் பெயர்ப் பலகையைப் படித்துச் சொல்லுங்கள்.