லேஞ்சி கட்டினால் போதாது, அண்ணை

இந்தக் காலபோகத்தில் வயலுக்குப் பூச்சிநாசினி அடித்து, நஞ்சேறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயலிலிருந்து, மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயால் வீணீர் வடிகிறது. கண்மணி குண்டூசித் தலையளவு. நாடி நிமிடத்துக்கு 46. நெஞ்சில் கறகறவென்று சளிச் சத்தம். மருந்தில் தோய்ந்த சாரம் தொடையோடு ஒட்டிக் கிடக்கிறது. மனைவி கேட்ட முதல் கேள்வி: "மூக்கையும் வாயையும் மூடி லேஞ்சி கட்டிக்கொண்டுதானே டொக்டர் மருந்து அடிச்சவர், பிறகு எப்பிடி ஏறினது?"

இந்தக் கேள்வியை இனி ஒருவரும் என்னிடம் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தோலால் ஏறும். உடைந்த தோல், புண் பட்ட தோல் என்றில்லை. நல்ல தோலாலேயே ஏறும். பரத்தியன் என்ற பழைய பூச்சிநாசினியை மனிதத் தோலில் தடவி முன்பே அளந்திருக்கிறார்கள். முன்கையில் பூசியதில் நூற்றுக்கு 9 பங்குதான் உள்ளே போனது. கமக்கட்டில் 64 பங்கு. விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும். இப்போது முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெஷினின் மூடியை நினைத்துப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்து நான் கண்டதில்லை. முதுகில் ஒழுகி, இடுப்பால் இறங்கி, மடித்துக் கட்டிய சாரத்தில் ஊறி, தொடையிடுக்கில் நிற்கிறது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும். மூக்கில் கட்டிய லேஞ்சி நனைந்துவிட்டால், அதுவே மருந்தை முகத்தோடு பிடித்து வைத்திருக்கும்.

இதை நாங்கள் 'மருந்து' என்று கூப்பிடுவதே எனக்குப் பிடிக்காது.

உள்ளே போய் என்ன செய்கிறது? 1921 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றில், இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பைத் தூண்ட, துடிப்புக் குறைந்தது. அந்த இதயத்தில் நின்ற திரவத்தை எடுத்து, நரம்பு இல்லாத மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு ஓர் இரசாயனத்தைச் சுரந்துதான் பேசுகிறது என்று அன்று தெரிந்தது. அதுதான் அசற்றைல்கோலின். 1936 இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் நினைக்காமலே தானாக இயங்கும் தன்னாட்சி நரம்புத்தொகுதி எச்சிலைச் சுரக்கச் செய்வதும், வியர்க்க வைப்பதும், குடலை அசைப்பதும், இதயத்தை மட்டுப்படுத்துவதும் அதே பொருளால்தான். வேலை முடிந்ததும் அதை உடைக்க ஒரு நொதியம் உண்டு. பரத்தியன் போன்ற ஓகனோபொசுபேற்று இனப் பூச்சிநாசினி அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது; அசற்றைல்கோலின் உடையாமல் குவிகிறது. லூவியின் தவளை இதயத்துக்கு நடந்தது, அளவில்லாமல், ஒரு முழு மனிதனுக்கு நடக்கிறது. இந்த இனத்தில் மொனோகுரோட்டபொஸும் மெத்தமிடொபொஸும் 1995 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கார்பமேட் என்ற இன்னொரு பூச்சிநாசினி இனமும் அதே நொதியத்தைத்தான் பிடிக்கிறது.

"எனக்குப் பழகிட்டுது" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குக் கூடக் கோபம். பழகுவதில்லை. செங்குருதிக் கலத்திலுள்ள நொதியம் நாளுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் மீளும். போன கிழமை தலையிடித்தது, சத்தி வந்தது, படுத்தெழும்பச் சரியாகிவிட்டது என்றால், இந்தக் கிழமை நீங்கள் குறைந்த நொதிய இருப்போடு வயலில் இறங்குகிறீர்கள்.

ஆள் மயங்கினால் பாலும் வேண்டாம், இளநீரும் வேண்டாம், விரலை விட்டுச் சத்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். அது சுவாசப்பைக்குள் போய்விடும். வெட்கப்படாமல் உடுப்பு முழுவதையும் கழற்றுங்கள். வாய்க்கால் தண்ணி என்றாலும் பரவாயில்லை, சவர்க்காரம் போட்டுத் தலைமயிரோடு சேர்த்துக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போடட்டும், இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டட்டும். 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கள். மருந்துப் போத்தலையும் கொண்டு வாருங்கள். 'பச்சை மூடிப் போத்தல்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அன்றைக்கு அவருக்கு, அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கிற அத்துரோப்பின் ஊசி போடத் தொடங்கி, சில நிமிடங்களுக்கொரு தடவை அளவைக் கூட்டினோம். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. நெஞ்சைக் கேட்பேன், நாடியைப் பார்ப்பேன், கமக்கட்டுக்குள் விரலை வைப்பேன். கமக்கட்டு காய்ந்து, நெஞ்சு தெளிந்து, நாடி எண்பதைத் தாண்டும்வரை விடுவதில்லை. அவருக்கு விரல் காய்ந்து வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

இரண்டாம் நாள் எழும்பியிருந்து, வயலில் தண்ணி கட்ட ஆளில்லை, வீட்டை விடுங்கோ என்று நின்றார். அண்ணை, தயவுசெய்து கேளுங்கோ. தெளிந்த பிறகு, ஒன்று முதல் நாலு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோரலாம். அத்துரோப்பின் அதைத் தடுக்காது. 1987 இல் இதைத் தனி நிலையாக விவரித்தவர்கள் நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற எங்கள் நாட்டு வைத்தியர்களே. அதனால்தான் காலையும் மாலையும் கட்டிலடிக்கு வந்து, "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கோ பாப்பம்" என்று கேட்கிறேன். தூக்க முடியாவிட்டால், அந்த நேரம் நீங்கள் மூச்சு மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், வரம்பில் இல்லை.