பரிசுப் பிரிவா, கொடைத்தடையா?

'அரிசோனாவின் பரிசுப் பிரிவின்படி நகராட்சி ஒப்பந்தம் செல்லாது.' அமெரிக்க மாநிலச் சட்டங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இப்படிப்பட்ட வரியை எத்தனை முறைதான் பார்ப்பது? பரிசு கொடுக்கச் சொல்லும் பிரிவு போல என்றுதான் படிப்பவர் நினைப்பார். சட்டம் சொல்வதோ நேர் எதிர்: பொதுப்பணத்தைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்காதே.

ஆங்கிலத்தில் இது 'கிஃப்ட் கிளாஸ்'. கிஃப்ட் என்றால் கொடுப்பது, கிளாஸ் என்றால் சட்டக்கூறு, அவ்வளவுதான். இது பிறந்த கதை இது: கால்வாய், ரயில் நிறுவனங்களுக்காக மாநிலங்கள் கடன் வாங்கிக் குவித்தன. 1837 நிதி நெருக்கடிக்குப் பின் எட்டு மாநிலங்கள் கடனைத் தவணைப்படி கட்ட முடியாமல் தவறின. அந்தச் சூட்டில்தான், மாநிலத்தின் கடன் நம்பகத்தை, அதாவது அதன் பெயரை நம்பிக் கடன் கிடைக்கும் தகுதியை, தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று நியூயார்க் 1846இல் தன் அரசமைப்பில் எழுதியது. மற்ற மாநிலங்கள் பலவும் இதேபோல எழுதிக்கொண்டன.

பரிசு என்றால் வென்றவருக்குக் கிடைப்பது. பரிசில் என்றால் பாடியவர் பெறுவது. இரண்டிலும் பெறுபவரிடம் ஒரு தகுதி உண்டு. இங்கே தடுக்கப்படுவது, ஈடாக எதுவும் வாங்காமல் கொடுப்பது. அரிசோனாவின் பியோரியா நகரம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை வரவழைக்கப் பணம் தர ஒப்புக்கொண்டது. பொருளாதாரம் வளரும் என்ற எதிர்பார்ப்பு ஈடாகாது என்று 2021இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. இதில் பரிசு எங்கே வந்தது?

சிலர் 'இலவசத் தடை' என்கிறார்கள். அது இன்னும் மோசம். இலவசம் என்றதும் ஏழைக்குக் கிடைப்பதுதான் நம் நினைவுக்கு வரும். வாஷிங்டன் மாநில அரசமைப்போ, நகரங்களும் மாவட்டங்களும் தனியாருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் அதே வரியில், ஏழைகளுக்கும் இயலாதோருக்கும் தேவையான ஆதரவுக்கு விலக்கு தருகிறது. விலக்குப் பெற்றவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது இந்தத் தமிழாக்கம்.

கொடைத்தடைக் கூறு என்பதே சரி. கொடை உயர்ந்த சொல்லாயிற்றே, அதற்குத் தடையா என்று கேட்கலாம். பேகன் மயிலுக்குப் போர்த்தியது தன்னுடைய போர்வையை. அரசு கொடுப்பது வரி கட்டியவர்களின் போர்வையை. அதனால்தான் தடை.

இந்தத் தவறு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆங்கிலச் சட்டப்பெயர்கள் பல, எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லி, தடையைச் சொல்லாமல் விடும். நம்மவர்கள் அதை அப்படியே பெயர்த்துவிடுகிறார்கள். அரசு ஒரு மதத்தைத் தன் மதமாக நிறுவுவதைத் தடுக்கும் அமெரிக்க அரசமைப்பின் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் கிளாஸ்' கூறும் இப்படித்தான் 'நிறுவுதல் பிரிவு' ஆகிவிடுகிறது.